எட்டு ஓம் பாக்ஸ், எரிந்துபோன ஆம்ப்

எங்க அப்பா மைக்செட் வாடகைக்கு விடுகிறார். போன ஆடித் திருவிழாவில் ஒரகடம் பக்கம் மெல்லிசைக் கச்சேரி. பேஸ் கிட்டார் சத்தம் பத்தலைன்னு ஒரே ஆம்ப்ளிஃபயரில் நாலு பாக்ஸ் மாட்டினார். கொஞ்ச நேரத்தில் புகை! வாடகைப் பணம் முழுக்க ரிப்பேருக்கே போச்சு.

ஏன் தெரியுமா தோழிகளே? பாக்ஸ் பின்னால் 8 ஓம் என்று போட்டிருக்கும். (சாமி ஓம் இல்லை! 1827-ல் மின்தடை விதியை வெளியிட்ட ஜெர்மன் வாத்தியார் பெயர்.) பக்க இணைப்பில் இரண்டு மாட்டினால் 4 ஓம், நாலு மாட்டினால் 2 ஓம். தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடும். எங்க ஆம்ப் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. அதன் முதுகிலேயே எழுதியிருக்கு, யாரும் படிக்கலை.

ப்ரீஆம்ப் கிட்டாரின் சின்ன சிக்னலைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். அதை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

நாலும் வேணும்னா, இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த ஜோடிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மறுபடி 8 ஓம். இப்போ வண்டியில் ஏத்துறதுக்கு முன்னாடி அப்பா என்னைத்தான் கூப்பிடுகிறார்.