ஓடும் நீரும் ஒசிரிசின் தீர்ப்பும்

எகிப்து என்ற பெயரைக் கேட்டதும் பார்வோனும் மோயீசனும், செங்கடலும் பிரமிடுகளும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. மழையையே அரிதாகக் கண்ட அந்நாட்டு மக்கள் தண்ணீரை எவ்வாறு சேர்த்தனர், எவ்வாறு தமக்குள் பகிர்ந்துகொண்டனர் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆதியாகமம் கூறும் பார்வோனின் கனவை நினைவுகூர்வோம். கொழுத்த பசுக்கள் ஏழும், மெலிந்த பசுக்கள் ஏழும் நைல் நதியிலிருந்தே கரையேறி வந்தன. அந்நாட்டுக்கு வளத்தைத் தந்ததும் அந்த ஆறே. பஞ்சத்தைத் தந்ததும் அந்த ஆறே.

மண்வெட்டி ஏந்திய மன்னன்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகர அருங்காட்சியகத்தில் ஒரு கதாயுதத்தின் கல் தலைப்பகுதி உள்ளது. ஏறத்தாழ கி.மு. 3100ஆம் ஆண்டைச் சார்ந்தது. அதில் முடிசூடிய அரசன் ஒருவன் கையில் மண்வெட்டியுடன் நீர்க்கரையில் நிற்கிறான். கால்வாய் வெட்டும் பணியை அவன் தொடங்கிவைக்கும் காட்சி இது என அறிஞர் பலர் கருதுகின்றனர். நீருக்கு வழி செய்வது அரசனின் முதற் கடமைகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டது போலும்!

எதியோப்பிய மலைநாட்டில் பெய்யும் கோடை மழையால் நைல் ஆண்டுதோறும் பெருக்கெடுத்தது. 1970ஆம் ஆண்டு அசுவான் பேரணை கட்டி முடிக்கப்படும் வரையில், ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெள்ளம் வயல்வெளியை மூடுவது வழக்கமாக இருந்தது. பண்டைய எகிப்தியர் வயல்களுக்குக் குறுக்கே மண் கரைகள் எழுப்பி, நிலத்தைப் பெரும் பாத்திகளாகப் பிரித்தனர். வாய்க்கால் வழியே புகுந்த நீர் ஒரு பாத்தியில் ஏறத்தாழ 40 நாள் தேங்கி நிற்கும். வண்டல் படியும், மண் ஈரத்தை உண்ணும், உப்பும் கழுவப்படும். பின்னர் கரையைத் திறந்து, எஞ்சிய நீரைக் கீழே உள்ள பாத்திக்கு விடுவர். மேற்பாத்திக்காரன் உரிய காலத்தில் திறந்துவிட்டால்தான் கீழ்ப்பாத்திக்காரனின் பிள்ளைகளுக்கு அப்பம் கிடைக்கும்.

வெள்ளத்தின் உயரத்தை அளப்பதற்கு எலிபன்டைன் தீவு முதலிய இடங்களில் ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டுகளை அமைத்து, சுவரில் முழக்கணக்கில் கோடுகள் பொறித்தனர். வெள்ளம் குறைந்தால் பஞ்சம்; மிகுந்தால் அழிவு. கி.மு. 1500ஐ ஒட்டிய காலத்தில் நம் ஏற்றத்தைப் போன்ற 'ஷாதூப்' என்னும் கருவி அங்குப் பழக்கத்திற்கு வந்தது. நீண்ட கழியின் ஒரு முனையில் வாளியும், மறு முனையில் கனமான மண்ணுருண்டையும் கட்டித் தோட்டங்களுக்கு நீர் இறைத்தனர்.

செம்புக் குழாயும் கழுதைச் சுமையும்

கெய்ரோவுக்குத் தெற்கே அபுசீர் என்னுமிடத்தில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட சஹுரே மன்னனின் பிரமிடுக் கோயில் உள்ளது. 1907, 1908ஆம் ஆண்டுகளில் அதை அகழ்ந்த ஜெர்மானிய அறிஞர் லுட்விக் போர்க்கார்ட் வியப்புக்குரியதொன்றைக் கண்டார். செம்புத் தகட்டை அடித்து வளைத்துச் செய்த குழாய்கள், கல்லில் வெட்டிய பள்ளங்களில் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 380 மீட்டர் என மதிப்பிடப்பட்டது. செம்புத் தகடு பொதிந்த கல் தொட்டிகளும், அவற்றை மூடச் சங்கிலியில் கோத்த உலோக அடைப்பான்களும் இருந்தன. கூரையில் விழும் மழைநீர் சிங்கமுகக் கற்களின் வாய்வழியே கொட்டியது.

சஹுரேக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்ட அமர்னா நகரிலோ, செல்வர் வீடுகளில் கற்பலகை பதித்த குளியலறையும் சுண்ணாம்புக்கல் மலக்கூட இருக்கையும் இருந்தன. ஆனால், வீட்டுக்குள் நீரைக் கொண்டுவரும் குழாய் இல்லை. பணியாளரே குடத்தில் சுமந்து வந்து ஊற்றினர். அழுக்குநீரை அகற்றியவர்களும் அவர்களே.

அரச கல்லறைகளைக் குடைந்த கைவினைஞர் வாழ்ந்த தேர் எல்-மதீனா சிற்றூரிலோ நீரே கிடையாது. பள்ளத்தாக்கிலிருந்து கழுதைகளின்மேல் நீர் ஏற்றிவர ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். அவர்களைப் பற்றிய குறிப்புகள் அவ்வூரில் கிடைத்த கற்சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் இன்றும் காணப்படுகின்றன. மன்னனுடைய கோயிலுக்குச் செம்புக் குழாய். அவன் கல்லறையை வெட்டியவனுக்கோ கழுதை சுமந்து வந்த அளவு நீர்!

தீர்ப்பு நாளின் கேள்வி

ஆயினும், அம்மக்கள் நமக்கு விட்டுச் சென்ற தலைசிறந்த செய்தி வேறொன்று. இறந்தவனின் இதயம் ஒசிரிஸ் தேவனின் முன்னிலையில் தராசில் நிறுக்கப்படும் என்று அவர்கள் நம்பினர். அப்போது தான் செய்யாத பாவங்களை அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். 'இறந்தோர் நூல்' எனப்படும் ஏட்டில் அப்பட்டியல் உள்ளது. கொலை, தராசில் மோசடி, குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறித்தல் ஆகியவற்றோடு, பருவத்தில் வரும் நீரைத் தடுத்தலும், ஓடும் நீருக்கு அணை போடுதலும் பாவங்களாக எண்ணப்படுகின்றன!

திருச்சட்டத்தின் பலகைகளைக் காணாத மக்கள் அவர்கள். எனினும், மனிதனின் மனச்சான்றில் இறைவன் எழுதிய சட்டத்தின் ஒரு வரியை அவர்கள் படித்துவிட்டனர். தாகமாயிருந்தவனுக்குக் குடிக்கக் கொடுத்தாயா என்பதே தம் தீர்ப்பின் கேள்விகளுள் ஒன்று என ஆண்டவர் இயேசு மத்தேயு நற்செய்தியில் நமக்கு உணர்த்துகின்றார். தூய குடிநீர் பெறுவது மனிதனின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் தம் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் அழுத்தமாகக் கூறினார்.

பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்யும்போது கோபத்தையும் பொய்யையும் நினைத்துப் பார்க்கிறோம். தெருக்குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சியதால் கடைசி வீட்டுத் தாய் வெறுங்குடத்துடன் திரும்பியதை நினைத்துப் பார்க்கிறோமா? பொது வாய்க்காலை நம் வரப்போடு அடைத்துக்கொண்டதை? வீட்டுத் தொட்டி நிரம்பி வழிவதைக் கண்டும் எழாதிருந்ததை? குடும்ப செபம் முடிந்தபின் பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றைப் பேசலாம். நம் வாசலைக் கடந்து செல்லும் நீரில் அடுத்த வீட்டாருக்கும் பங்குண்டு என்பதை அவர்கள் நம்மிடமிருந்தே கற்றுக்கொள்ளட்டும்.