சில்லறையில் ஒரு சரித்திரம்

கொச்சிக்கு எதிரே இருக்கிறது வைப்பின் தீவு. அங்கே பலருக்கு மீன்பிடிப்புதான் தொழில். மீன்வளத்தைச் சிறப்பித்து 1986-இல் நம் அரசு 50 காசு நாணயம் வெளியிட்டது. இப்படி ஒன்றைச் சிறப்பிக்க வெளியிடுவதே நினைவு நாணயம்.

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-இல் வந்தது. அதில் நேருவின் உருவம் உண்டு. கேரளத்தின் ஸ்ரீ நாராயண குரு, அல்போன்சா ஆகியோருக்கும் 5 ரூபாய் நாணயங்கள் வந்துள்ளன.

சில்லறை வாங்கும்போது இரு பக்கமும் பாருங்கள். எழுத்தைப் படியுங்கள். ஆண்டின் கீழே நட்சத்திரம் இருக்கிறதா? பொதுவாக அது ஹைதராபாத்தில் அச்சானது. வைரக் குறி என்றால் மும்பை.

நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து தேயும். மதிப்பும் குறையும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

செல்போனில் படமும் எடுக்கலாம். நாணயத்தை ஜன்னல் ஓரம், வெள்ளைத் தாளில் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். பளபளப்பில் எழுத்து மறையும். போனை நேர் மேலே பிடித்து, இரு பக்கமும் எடுங்கள்.

படத்தைப் பார்த்து யாராவது, "லட்சம் தருகிறேன், முதலில் கட்டணம் அனுப்பு" என்பார்கள். நம்பாதீர்கள். இந்த மோசடி பற்றி 2021-இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. காசு சேர்க்கப் போய், கைக்காசை இழக்கலாமா?