திறந்திருக்காங்க, திறந்திருக்கு: ஸ்பானிஷ்ல ஒரே சொல்லுக்கு ரெண்டு வேலை

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையில காவலூர். அங்கதான் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல தொடங்கி வெச்ச 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்க இருக்கு. அதோட குவிமாடத்தை வெச்சே இன்னைக்குப் பாடம்.

'குவிமாடத்தைத் திறந்திருக்காங்க.' 'குவிமாடம் திறந்திருக்கு.' ரெண்டுலயும் 'இரு'தான். ஆனா முதல்ல சொல்றது யாரோ செஞ்ச வேலை, அடுத்தது இப்ப இருக்கிற நிலை. ஸ்பானிஷ்ல இங்கே துணைவினையே மாறிடும்.

வேலைக்கு 'அபெர்': 'ஆன் அபியெர்தோ லா கூபுலா.' அபியெர்தோ இங்கே வினையோட பகுதி. எதைத் திறந்தாலும் கடைசி 'தோ' மாறாது.

நிலைக்கு 'எஸ்தார்': 'லா கூபுலா எஸ்தா அபியெர்தா.' இப்ப அது பெயரடை. கூபுலா பெண்பால், அதனால 'தா'. பன்மைன்னா 'அபியெர்தாஸ்'.

நமக்கு 'திறந்த கதவு', 'திறந்த கதவுகள்'. பெயரெச்சம் மாறவே மாறாது. அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருது. களைச்சுப்போன ஒரு பொண்ணு 'எஸ்தோய் கன்சாதோ'ன்னா, கேக்கிறவங்களுக்கு ஒரு ஆண் தன்னைச் சொல்லிக்கிற மாதிரி இருக்கும். அவ 'கன்சாதா'ன்னு சொல்லணும். அதையே அபெர் போட்டு 'மே ஏ கன்சாதோ', அதாவது 'களைச்சுட்டேன்'னு சொன்னா, யார் சொன்னாலும் 'தோ'தான்.

அதனால வாயைத் திறக்கும் முன்னாடி ஒரே கேள்வி: அபெரா, எஸ்தாரா?