கை, கால் வந்தால் மட்டும் போதுமா?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "கை, கால் வந்துடுச்சுங்களா?" வந்துடுச்சு என்றால், "அப்புறமென்ன, நல்லாயிட்டாங்க" என்று பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கூடவே இருந்து பார்க்கிற வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும், பாதிப் பாடு அதற்குப் பிறகுதான் என்று.

என் மாமியாருக்கு அறுபத்து நான்கு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் இடது கை, கால் விழுந்துவிட்டது. மூன்று மாதத்தில் நடந்துவிட்டார். பேச்சு துளிகூடக் குழறவில்லை. ஆனால் தட்டில் வலது பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "போதும் கண்ணு" என்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார். நாற்பது வருஷமாகச் செய்துவந்த அரிசிம்பருப்பு சாதத்துக்கு, தாளிக்கும் முன்பே அரிசியைக் கொட்டினார். ஒருநாள் தண்ணீர் ஊற்றாமலே குக்கரை மூடி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். "நல்லாத்தானே பேசறாங்க, வேலைக்குப் பயந்து நடிக்கறாங்க" என்று சொந்தக்காரர்கள் சிலர் அவர் காதுபடவே சொன்னார்கள்.

அது நடிப்பு இல்லை, சகோதரிகளே! மூளையின் வலது பக்கம் பாதித்தால் உடம்பின் இடது பக்கம் விழும். அதோடு சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. கண் நன்றாகத் தெரியும்; மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காது. மூளையின் இடது பக்கம் பாதித்தால் வலது கை, காலோடு பேச்சும் போகலாம். அப்படிப்பட்டவர் முன்னாலேயே "புத்தியும் போச்சு" என்று பேசுகிறார்கள். பேச்சு வராத பலருக்கு, நாம் சொல்வது நன்றாகவே புரியும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி தம்பிதான் எனக்கு இதை விளக்கினார். 1965ல் அமெரிக்காவில் மஹோனி என்ற டாக்டரும், பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது, படியேறுவது என்று 10 விஷயங்களுக்கு 100 மார்க். நூறும் வாங்கியவர் தனியாக வாழ்ந்துவிடுவார் என்று அர்த்தமில்லை, அவரால் சமைக்க முடியாமல் போகலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 1969ல் லாட்டன், பிராடி என்ற இருவர் வேறு பட்டியல் போட்டார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பஸ்ஸில் போய்வருவது, மாத்திரை, காசு கணக்கு என்று 8. இவற்றுக்குக் கை, கால் மட்டும் போதாது. ஞாபகம் வேண்டும், கவனம் வேண்டும், எது முதல், எது அடுத்தது என்ற வரிசை தெரிய வேண்டும்.

என் மாமியார் முதல் பட்டியலில் ஏறக்குறைய பாஸ். இரண்டாவதில்தான் தடுமாற்றம். "இனிமே அவங்களை அடுப்படிப் பக்கமே விடாதே" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்படியும் பால் சொசைட்டிக் கணக்கும்தான் அவர் ஆண்ட ராஜ்யம். இரண்டையும் பிடுங்கிவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

எங்கள் வீட்டில் கைகொடுத்தவை இவை:

* ஒரு நேரத்தில் ஒரே வேலை. அவர் வெங்காயம் உரிக்கும்போது டி.வி.யை அணைத்துவிடுவேன்.

* தட்டுக்கு இடது பக்கம் ஒரு சிவப்புத் துணி. அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

* சமையல் சாமான்களை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, "அடுத்தது என்னங்க அத்தை?" என்று கேட்பேன். நானாகச் சொல்வதில்லை.

* நான் பக்கத்தில் இருந்தால்தான் அடுப்பு. வெளியே போனால் சிலிண்டரை மூடிவிடுவேன்.

* காலை, இரவு என்று கட்டம் போட்ட மாத்திரை டப்பா.

* பால் காசை அவரே எண்ணுவார். நான் ஒருதரம் சரிபார்ப்பேன்.

இப்போது நான் பக்கத்தில் நின்றால், அரிசிம்பருப்பு சாதம் முழுக்க அவர் கைப்பக்குவம்தான். ஆனால் தனியாக விட்டுவிட்டு ஒருநாள் வெளியூர் போக முடியாது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

எதிலும் பிடிப்பில்லாமல் அழுதுகொண்டே இருக்கிறாரா என்றும் கவனியுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதுவும் ஞாபகத்தைக் கெடுக்கும். அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

டாக்டர், "எப்படி இருக்காங்க?" என்று கேட்டால், "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். வீட்டில் எந்த வேலையில், எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஞாபகம், கவனம் இவற்றையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மான்ட்ரியல் சோதனை என்று 30 மார்க்குக்கு ஒன்று தமிழிலும் இருக்கிறது. அதில் கடிகாரம் வரையச் சொல்வார்கள். என் மாமியாரைப் போலப் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் என்றால், அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பேனாவே பிடிக்காத கைக்குக் கடிகாரம் வரையத் தெரியாததற்கு, பக்கவாதம் என்ன செய்யும்?

- ஒரு வாசகி, ராசிபுரம்