தையல் தாங்காத குழாய்கள்

நைந்துபோன பட்டுப் புடவையைத் தைத்துப் பார்த்த சகோதரிகளுக்குத் தெரியும்: ஊசி போகும் இடமெல்லாம் புதுக் கிழிசல்தான். சிலருடைய ரத்தக் குழாய்களும் பிறவியிலேயே அப்படி அமைந்துவிடுகின்றன. டென்மார்க் டாக்டர் ஏலர்ஸ், பிரெஞ்சு டாக்டர் டான்லோஸ் இருவர் பெயரையும் தாங்கிய பரம்பரைக் கோளாறுகளில் மிகக் கொடியது இந்த ரகம். குழாய்ச் சுவருக்கு உறுதி தரும் ‘கொலாஜன்’ என்ற புரதத்தின் மூன்றாவது வகை சரியாக உருவாவதில்லை. அடி எதுவும் படாமலே ஒரு நாள் தமனி கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டலாம்.

உடனே அறுத்துத் தைத்துவிடலாமே என்கிறீர்களா? அங்கேதான் சங்கடம்! தையல் எளிதில் பிடிப்பதில்லை. குழாய்க்குள் கருவியை விட்டுப் படம் எடுப்பதுகூட இன்னொரு கிழிசலை உண்டாக்கலாம். ஆகவே டாக்டர்கள் முதலில் ஸி.டி. ஸ்கானில் பார்க்கிறார்கள். ரத்தம் தானே நின்றால், நோயாளியைப் படுக்கையில் வைத்துக் கண்காணிக்கிறார்கள். நிற்காவிட்டால், கசியும் குழாயை மெல்லிய உலோகச் சுருளால் அடைக்கப் பார்க்கிறார்கள். கத்தி கடைசி ஆயுதம்.

வருமுன் காக்க வழியுண்டா? பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 53 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2010-இல் வெளியாயிற்று. ‘ஸெலிப்ரோலால்’ மாத்திரை சாப்பிட்ட 25 பேரில் 5 பேருக்குத் தமனி கிழிந்தது; சாப்பிடாத 28 பேரில் 14 பேருக்கு!

பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தில் இளவயதில் யாராவது இப்படித் திடீரென்று போயிருந்தால், அதை மூடி வைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், கர்ப்பிணிகள் அவசியம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை, கத்தியை எடுக்குமுன் டாக்டரை யோசிக்க வைக்கும்.