எல்லை தாண்டிய இசை இலக்கணம்

சித்தூர்த் தமிழ்க் குடும்பத்து மாணவி ஒருவர், திருப்பதியில் 1983-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் இசை பயிலச் சென்றால், பாட்டைவிட இசைக் கோட்பாட்டுத் தாளே அச்சுறுத்தும். வீட்டில் தமிழில் பாடிப் பழகிய ராகத்தின் இலக்கணத்தைத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ கற்க நேர்கிறது.

1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நீடித்தது. மொழிச் சிறுபான்மையினருக்காக 1956-இல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டப் பிரிவு 350-ஏ, தொடக்கக் கல்வியில் மட்டுமே தாய்மொழிவழிப் பயிற்றலுக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. பல்கலைக்கழக வாசல் வரை அது வருவதில்லை.

ஆயினும், அம்மாணவி படிக்கும் 72 மேளங்களை வகுத்த வேங்கடமகி, 17-ஆம் நூற்றாண்டுத் தஞ்சையில் வடமொழியில் எழுதியவர். 1954-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையோ காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் சீடர். இப்படி மூன்று மொழிகளில் வளர்ந்த கலையின் தேர்வுத்தாளில் தமிழ் விடைக்கும் இடமளிப்பது, ஆந்திர அரசுக்குச் சுமையாகாது.