யானை போட்ட வழி

மலேசிய மலைக்காடுகளில் யானைத்தடங்கள் பெரும்பாலும் முகடுகளை ஒட்டியே ஓடுகின்றன. சரிவு குறைந்த இடமாகப் பார்த்து, சர்வேயர் அளந்து போட்டது போல வளைந்து செல்லும். ஜொகூர், பகாங் எல்லையிலுள்ள எண்டாவ்-ரொம்பின் காட்டு யானைகளும் இப்படி நடந்து நடந்தே வழி போடுகின்றன.

முதல் யானை புதரை மிதித்து, மரக்கன்றுகளை ஒடித்துத் தின்றுகொண்டே போகிறது. ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி வேண்டிய விலங்கு அது. பின்னால் வரும் யானைக்கு அங்கே நடப்பது கொஞ்சம் சுலபம். அதனால் அதே இடத்தில் கால் வைக்கிறது. வழி இன்னும் தெளிகிறது. மறுபக்கம் காடு சும்மா இருப்பதில்லை. மூங்கிலும் பிரம்பும் கொடியும் தடத்தை மூடப் பார்க்கும். வளர்ச்சியை நடை மிஞ்சினால் வழி நிலைக்கும், இல்லாவிட்டால் தூர்ந்துவிடும்.

எறும்பு, யானை, மனிதன் என்று சொந்த விசையால் நகரும் எதையும் இயற்பியலார் தானியங்கும் துகளாகக் கருதிக் கணக்குப் போடுவதுண்டு. 1997-இல் இயற்பியலாளர் டிர்க் ஹெல்பிங்கும் இரு சகாக்களும் புல்தரையில் மனிதர் போடும் ஒற்றையடிப்பாதைக்கு நேச்சர் இதழில் அப்படியொரு கணக்கை எழுதினார்கள். நேர்வழியை விட்டுச் சற்றுச் சுற்றினாலும், ஏற்கெனவே மிதிபட்ட வழியைப் பலரும் பகிர்ந்துகொள்வார்கள் என்பது அதில் தெரிந்தது. லயத்திலிருந்து கடைக்கு லாலான் புல்லில் குறுக்கே விழுந்த வழியைப் பார்த்த தோட்டத்துக்காரருக்கு இதில் வியப்பில்லை.

யானை இன்னும் ஒரு படி மேலே போகிறது. தின்ற பழத்தின் விதையைச் சாணத்தோடு வழியோரம் போடுகிறது. விதை மரமானால், அந்த மரமே மீண்டும் யானையை இழுக்கும். காங்கோ காட்டைப் பற்றி 2004-இல் வெளியான ஆய்வு, தடங்கள் கூடும் இடங்களில் பழமரங்கள் மிகுந்திருப்பதைக் காட்டியது.

ஜொகூரின் கஹாங், கோத்தா திங்கி வட்டாரங்களில் காட்டை ஒட்டிச் செம்பனைத் தோட்டங்கள் உள்ளன. இளஞ்செம்பனையின் குருத்து யானைக்குப் பிடித்த தீனி. மின்வேலி தடத்தின் ஒரு கிளையை அடைத்தால் நடை அடுத்த கிளைக்கு மாறும். ஆகவே தடங்களின் வலையைப் பார்க்காமல் தோட்டத்துக்குத் தோட்டம் தனித்தனியாகப் போடும் வேலி, தொல்லையைப் பக்கத்துத் தோட்டத்துக்குத் தள்ளுவதோடு சரி.

1974 முதல் வனவிலங்குத் துறை தோட்டங்களில் நுழையும் யானைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டுவருகிறது. யானையைத்தான் லாரியில் ஏற்ற முடியும். அது போட்ட தடம் தோட்டத்து ஓரத்திலேயே கிடக்கிறது, அடுத்த யானைக்கு.